அத்தை கொடுத்த சிறுநீரகம்

டெலானிபூர்
போர்ட் பிளேயர்
13 ஜூலை 2025, இரவு

அத்தைக்கு,

ஷீலா எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத்தான் கடிதத்தை ஆரம்பிக்க வேண்டுமாம். கேட்டுவிட்டேன்.

இதை எழுதுவது அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்கள் குவார்ட்டர்ஸில் தண்ணீர் தினமும் வராது. வரும் நாளிலும் எல்லோரும் தூங்கிய பிறகுதான் வரும். டிரம்மில் பிடித்து வைப்பது என் வேலை. அப்போது மட்டும் சமையலறை விளக்கைப் போட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். உள்ளே அப்பா புரண்டு படுத்தாலே தாளை டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவிட்டு, மறுபடி எடுத்து அவசரமாக எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

போனில் பேச முடியாது. யார் யாருக்குப் போட்டார்கள் என்று அப்பா பார்ப்பார். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருக்கும் காவேரி என்கூடப் படிக்கிறாள். அவள் அப்பா குருநாதன் உங்கள் ஊருக்கு வரும் ரங்கத் பஸ்ஸில் கண்டக்டர். அவர்தான் இதை உங்களிடம் கொடுப்பார். பதில் எழுதினால் அவரிடமே கொடுங்கள். தபாலில் போட்டால் அப்பா கையில்தான் கிடைக்கும்.

போன வாரம் அப்பா உங்களிடம் போனில் பேசியதைக் கேட்டேன். ஒட்டுக் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எந்த அறையில் பேசினாலும் எல்லா அறையிலும் கேட்கும். "ஆவணியில பரிசம் போட்டுருவோம்க்கா, பன்னெண்டாவது முடிஞ்சதும் கல்யாணம்" என்றார். யாருக்கோ என்று நினைத்தேன். அப்புறம் "உன் மகன் யோகராஜ் என்ன சொல்றான்?" என்று சிரித்தார். அப்போதுதான் அது எனக்கு என்று தெரிந்தது.

அம்மாவிடம் கேட்டேன். "உனக்குக் கிட்னி கொடுத்தவங்க வீட்டுக்குத்தானே போற, வேற எங்கயோவா?" என்றாள். அப்பாவிடம் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டேன். "என் அக்காவுக்கு இல்லைன்னு சொல்ற வாய் எனக்கு இல்லை. உனக்கு இருக்கா?" என்றார்.

யோகராஜ் அத்தான்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் கட்டிக்கொள்ள முடியாது. எனக்குக் கல்லூரியில் படிக்க வேண்டும். இந்த வீட்டில் "வேண்டாம்" என்று சொல்லி அப்பாவைக் கேட்கவைக்க உங்கள் ஒருவரால்தான் முடியும். தயவுசெய்து சொல்லுங்கள். நான் எழுதியது மட்டும் அவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பமாட்டார்.

ஷீலா


ரங்கத்
19 ஜூலை 2025

ஷீலாவுக்கு,

நலமான்னு கேட்டுவிட்டேன்னு எழுதியிருக்கே. மூணு வருசத்துல இன்னிக்குத்தான் கேட்டிருக்கே. கேட்ட அழகு நல்லாருக்கு. நானும் பதில் சொல்லிர்றேன். நலம்.

அந்தக் கண்டக்டர் பஸ் ஸ்டாண்டுல வெச்சு, நாலு பேர் பாக்க, காதல் கடுதாசி குடுக்கிற மாதிரி மடிச்சுக் குடுத்தாரு. "என்ன அண்ணி, லவ் லெட்டரா?"ன்னு ஒரு ஆட்டோக்காரன் கேட்டான். என் வயசுக்கு இது தேவையா?

நீ எழுதினதைப் படிச்சா, ஏதோ நான்தான் உன்னைக் கேட்டு வாசல்ல வந்து நின்ன மாதிரி இருக்கு. நல்லாக் கேட்டுக்க. மெட்ராஸ் ஆஸ்பத்திரியில எனக்கு மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கிறேன், உன் அப்பன் தேவேந்திரன் என் காலைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறான். விலாவுல கத்தி வெச்ச இடம் நெருப்பா எரியுது. "அக்கா, என் மக இனிமே உன் வீட்டுப் பொண்ணு, யோகராஜுக்குத்தான்"னு அவன் வாயால சொன்னான். நான் கேக்கல. தண்ணிதான் கேட்டேன். அதைக்கூட நர்சுதான் குடுத்தா.

ஆனா வேணாம்னும் சொல்லல. எதுக்குச் சொல்லணும்? தம்பி மக, என் மகனுக்கு முறைதானே. கண்டியில தோட்டத்துல இருந்த காலத்திலயும், கச்சால் தீவுல ரப்பர் வெட்டின காலத்திலயும் எங்க சனத்துல அப்படித்தான் கட்டினாங்க, குடுத்தாங்க. கிட்னி இல்லாமலே கேட்டிருப்பேன்.

என் மகன் குடிக்கிறது இல்ல. சொந்தமா ஆட்டோ வெச்சிருக்கான். அவனைக் கட்டிக்க உனக்கு என்ன குறைச்சல்?

திருட்டுத்தனமா எழுதாதே. வாய் இருக்குல்ல, உன் அப்பன்கிட்ட பேசு.

ஜெயராணி


டெலானிபூர்
1 ஆகஸ்ட் 2025, இரவு

அத்தைக்கு,

உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பதில் எழுதவே கூடாது என்றுதான் இருந்தேன். இன்று பள்ளிக்கூடத்தில் நடந்ததற்குப் பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

உடல் உறுப்பு தானத்துக்காக இன்று காலை அசெம்பிளி நடத்தினார்கள். யாரோ டீச்சரிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னை மேடையில் ஏற்றி நிறுத்திவிட்டார்கள். ஸ்டீராய்டு மாத்திரையால் என் முகம் இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. மேடையில் நிற்கும்போது பின்வரிசையில் ஒருவன் "கத்தூ" என்று கூப்பிட்டான். இந்தியில் பூசணிக்காய். அது எனக்குப் பழகிவிட்டது. டீச்சர் மைக்கில், "இவளுக்கு உறுப்பு கொடுத்தவர் இவளுக்குத் தெய்வம் மாதிரி" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். தெய்வம் வரம் கொடுத்த பிறகு திரும்பி வந்து மருமகள் கேட்குமா, அத்தை?

நீங்கள் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை. அம்மாவின் ரத்த வகை சேரவில்லை, அப்பாவுக்குச் சர்க்கரை. அதனால்தான் நீங்கள் வந்தீர்கள். பெற்றவர்கள் கொடுத்தால் கேள்வி குறைவு. அத்தை கொடுத்தால், விற்கிறார்களா வாங்குகிறார்களா என்று அரசாங்கக் கமிட்டி விசாரிக்கும். சென்னையில் நாம் எல்லோரும் அந்த அறையில் உட்கார்ந்திருந்தோம். கேமராவை வைத்துக்கொண்டு கேட்டார்கள். "ஏனம்மா கொடுக்கிறீங்க? யாராவது எதாவது தர்றேன்னு சொன்னாங்களா?" நீங்கள் சொன்னது என் காதிலேயே இருக்கிறது. "யாரும் ஒண்ணும் தரலய்யா. புள்ள பொழச்சாப் போதும்." எனக்குப் பதினாலு வயது. உங்கள் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதை அப்படியே நம்பினேன்.

இப்போது எனக்குத் தெரிவது, நீங்கள் கொடுக்கவில்லை, விற்றீர்கள் என்பதுதான். விலை நான். எனக்குத் தெரியாமல் அப்பா பேசி முடித்திருக்கிறார். விலையைச் சொன்னபோது நீங்கள் வாயை மூடிக்கொண்டு இருந்தீர்கள். அதற்குப் பெயர் சம்மதம்.

நான் அந்தக் கமிட்டிக்கு எழுதப் போகிறேன். விலாசம் கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. எழுதினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பார்களா, அப்பாவுக்கு வேலை போகுமா, என்னை எங்காவது கொண்டுபோய் விடுவார்களா, எதுவும் தெரியாது. ஆனாலும் எழுதுவேன்.

பரிசம் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் யாருக்கும் எழுதமாட்டேன்.

ஷீலா


ரங்கத்
4 ஆகஸ்ட் 2025

ஷீலாவுக்கு,

எழுதுடி. இப்பவே எழுது. கமிட்டிக்கு எழுது, கலெக்டருக்கு எழுது, டெல்லிக்கே எழுது. அவங்க வரட்டும். வந்தா நானும் நாலு விசயம் கேக்கணும்.

என்ன கேப்பேன் தெரியுமா? கொடுத்தவளும் வருசா வருசம் ஆஸ்பத்திரிக்கு வந்து பாக்கணும், ரத்தம், மூத்திரம், பிரஷர் எல்லாம் பாக்கணும், ஒத்தைக் கிட்னியோட இருக்கீங்கம்மா, அசட்டையா இருக்காதீங்கன்னு அந்த டாக்டரம்மா உன் அப்பன்கிட்ட தானே சொன்னாங்க. அவனும் தலையைத் தலையை ஆட்டினான். என்னை யாரு கூட்டிட்டுப் போனா? உன்னை எத்தனை தடவை மெயின்லேண்டுக்கு ஏத்தினாங்க? போகும்போது ஒரு தடவையாவது "அக்கா, நீயும் வா"ன்னு கூப்பிட்டானா? உன் அம்மா ஒரு போன் போட்டாளா? பொங்கலுக்கு வந்தீங்களா? உங்க மாமா செத்த திதிக்கு வந்தீங்களா?

முன்னாடி நான் பாக்கு மூட்டையை ஒத்தையில தூக்கி லாரியில போடுவேன். இப்ப முடியல. தோட்டத்துல கூட வேலை பாக்குறவளுங்க, "ஜெயராணிக்குப் பாதி ஒடம்புதான், பாதி வேலைதான்"னு சிரிக்கிறாளுங்க. நீ மேடையில நின்னு கைதட்டு வாங்கினியே, எனக்கு யாருடி கைதட்டினா?

கமிட்டியில சொன்னது பொய்யான்னு கேக்குற. பொய் இல்ல. அன்னிக்கு நீ பொழச்சாப் போதும்னுதான் இருந்துச்சு. பொழச்ச. அதுக்கப்புறம் ஒரு தடவையாவது என் வீட்டு வாசலை மிதிச்சியா? மிதிச்சிருந்தா எனக்கு வேற எதுவும் தேவைப்பட்டிருக்காது. வராததுனாலதான் வர வெக்கணும்னு தோணுச்சு. மருமகளா வந்தா வந்துதானே ஆகணும்?

இன்னொண்ணு சொல்றேன், கசக்கும். உன்னை எந்த வீட்டுல எடுப்பாங்க? வயித்துல தழும்பு, நேரம் தப்பாம மாத்திரை, புள்ள பெத்துக்கலாமான்னு டாக்டரைக் கேக்கணும். எல்லாம் தெரிஞ்ச வீடு என் வீடு ஒண்ணுதான். வெளியில போய்ப் பாரு, அப்பத் தெரியும்.

உனக்குள்ள ஓடுறது என்னோடது. என்னைத் திட்டி எழுதுறப்ப அதுவும் சேர்ந்துதான் எழுதுது.

ஜெயராணி


டெலானிபூர்
6 ஆகஸ்ட் 2025, இரவு

அன்புள்ள அம்மா,

திடுக்கிட வேண்டாம். ஷீலாதான். உங்களைத்தான் கூப்பிடுகிறேன்.

உங்கள் கடிதத்தை நேற்றிலிருந்து திரும்பத் திரும்பப் படித்தேன். கடைசியில் நீங்கள் எழுதியதுதான் சரி. எனக்குள் ஓடுவது உங்களுடையது. என் ரத்தம் முழுவதும் உங்கள் உடம்பில் இருந்து வந்த ஒன்றின் வழியாகத்தான் போய் வருகிறது. என்னைப் பெற்றவள் கொடுத்த இரண்டும் செத்துவிட்டன. நீங்கள் கொடுத்ததால்தான் இருக்கிறேன். பெற்றால்தான் அம்மா என்று எந்தச் சட்டம் சொல்கிறது? உடம்பைக் கொடுத்தவளுக்கு அம்மா என்றுதான் பெயர். மூன்று வருடமாக நான் உங்களைத் தப்பாகக் கூப்பிட்டுவிட்டேன்.

நீங்கள் அம்மா என்றால் யோகராஜ் எனக்கு அண்ணன். அண்ணனுக்கும் தங்கைக்கும் பரிசம் போடுவது நம் சனத்தில் எந்தக் காலத்தில் நடந்தது? கண்டியில் நடந்ததா, கச்சாலில் நடந்ததா? முறை முறை என்று எழுதினீர்கள். முறையைப் பார்த்தால் இது ஆகாது. ஆகாததைச் செய்தால் உங்கள் சனம் உங்களைத்தான் கேட்கும்.

சனிக்கிழமை ராக்கி. இந்தக் கவருக்குள் ஒன்று வைத்திருக்கிறேன். அபர்டீன் பஜாரில் காவேரிதான் வாங்கி வந்தாள். நான் கடைக்குப் போனால் யாராவது அப்பாவிடம் சொல்லிவிடுவார்கள். சிவப்பு நூல், நடுவில் ஒரு கண்ணாடி. பெரிய விலை இல்லை. அண்ணனிடம் கொடுங்கள். தங்கை அனுப்பிய ராக்கியை வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்று எங்கள் இந்தி டீச்சர் சொன்னார். இந்தத் தீவில் வங்காளி, தெலுங்கு, மலையாளி, நாம் எல்லோரும் கட்டுகிறோம். இது என்ன என்று ரங்கத் முழுவதற்கும் தெரியும்.

நான் இதைச் சிரித்துக்கொண்டு எழுதுவதாக நினைக்காதீர்கள். எனக்கு அவ்வளவு பயம். இந்தக் கவரை அப்பா பார்த்துவிட்டால் முதல் அடி எனக்கு, இரண்டாவது என்னைப் பெற்றவளுக்கு.

உங்கள் மகள்,
ஷீலா


ரங்கத்
10 ஆகஸ்ட் 2025

அடியே ஷீலா,

உனக்கு எவ்வளவு கொழுப்பு! இந்த மூளையைப் படிப்புல காட்டினா முதல் மார்க்கு வாங்குவ.

கவரைப் பிரிச்சுப் பாத்ததும் அந்தக் கயித்தை அடுப்புல போடலாம்னு போனேன். அதுக்குள்ள யோகராஜ் எந்திரிச்சு வந்துட்டான். "என்னம்மா கையில?"ன்னான். "ஒண்ணுமில்ல"ன்னேன். புடுங்கிப் பாத்தான். கடுதாசியையும் படிச்சான். நின்ன இடத்துலயே விழுந்து விழுந்து சிரிக்கிறான்.

"சிரிக்காதடா, உன்னை வேணாம்கிறா"ன்னேன்.

"வேணாம்னு சொல்லலம்மா, அண்ணன்னு சொல்லுது."

"அவ உன் முறைப்பொண்ணுடா."

"உன் கிட்னி உள்ள இருக்கிற பொண்ணும்மா. அது முறைச்சா நீ முறைக்கிற மாதிரியே இருக்கும். ஒரு ஜெயராணியையே என்னால சமாளிக்க முடியல, ரெண்டுக்கு நான் எங்க போவேன்?"

சொல்லிட்டு அவனே ஒத்தைக் கையால வாயில கடிச்சு முடிச்சுப் போட்டுக்கிட்டான். கட்டினதோட நிக்கல. ஆட்டோவை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டான். டீக்கடை பிஸ்வாஸ் அண்ணன், "அரே யோகி, தங்கச்சி அனுப்பிச்சதா? மிட்டாய் எங்க?"ன்னு கேட்டிருக்காரு. இவன் எல்லாருக்கும் இனிப்பு வாங்கிக் குடுத்து, "போர்ட் பிளேயர்ல எனக்கு ஒரு தங்கச்சி இருக்கு"ன்னு சொல்லியிருக்கான். சாயங்காலம் நான் ரேஷன் கடைக்குப் போனா, "உனக்கு ஒரு பொண்ணு இருக்கா ஜெயராணி, சொல்லவே இல்லையே"ங்கிறாங்க. நான் என்ன சொல்ல? ஒரு வாரமா ஆவணியில பரிசம்னு நான்தானே ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சிருந்தேன்!

ராத்திரி அவன் தூங்குறப்ப பாக்குவெட்டியை எடுத்துக்கிட்டுப் போனேன், அதை வெட்டிப் போட. முழிச்சுக்கிட்டு, "வெட்டும்மா, விரலையும் சேர்த்து வெட்டு, அதையும் யாருக்காவது தானம் குடு"ன்னான். திரும்பி வந்துட்டேன்.

என்னை ஊர் முன்னாடி கோமாளி ஆக்கிட்டே. நீ எனக்கு அம்மான்னு எழுதினது பாசத்துல இல்ல, தப்பிக்கிறதுக்கு. அது எனக்குத் தெரியாதுன்னு நினைக்காத. அம்மாங்கிற வார்த்தையைக்கூட நீ கருவியாத்தான் எடுத்திருக்கே. கிட்னியை எடுத்த மாதிரி.

இனிமே எனக்கு எழுதாதே. எழுதினா பிரிக்கமாட்டேன். உன் அப்பன் ஞாயித்துக்கிழமை இருபத்திநாலாந் தேதி நாள் குறிச்சிருக்கான். நான் தட்டோட வர்றேன். பேச வேண்டியதை அங்க சபையில பேசிக்கிறேன். நீ எனக்கு எழுதின கடுதாசி எல்லாம் என்கிட்ட பத்திரமா இருக்கு. ஞாபகம் வெச்சுக்க.

ஜெயராணி


டெலானிபூர்
24 ஆகஸ்ட் 2025, இரவு

அத்தைக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதுகிறேன். பிரிக்காவிட்டால் போங்கள்.

இன்று தண்ணீர் வரும் நாள் இல்லை. விளக்கைப் போடாமல், அம்மன் படத்துக்கு முன்னால் எரிகிற சின்ன பல்ப் வெளிச்சத்தில் எழுதுகிறேன். அப்பா தூங்கவில்லை என்று நினைக்கிறேன். உங்களைப் பற்றித் தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டிருக்கிறார்.

உங்களுடைய கடைசிக் கடிதத்துக்குப் பிறகு இந்த இரண்டு வாரமும் நான் எப்படி இருந்தேன் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் வந்ததும் என் கடிதங்களை எடுத்து அப்பா கையில் கொடுப்பீர்கள் என்றுதான் நினைத்தேன். கப்பல் ஜெட்டியில் அப்பாவோடு வேலை பார்ப்பவர்கள், மாடிவீட்டுக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்குச் சேலை கட்டி உட்கார வைத்திருந்தார்கள். நீங்கள் உள்ளே வரும்போது உங்கள் கையில் இருந்த பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. தட்டை வைத்தீர்கள். அம்மாவிடம், "இவளோட மருந்து டப்பாவைக் கொண்டா" என்றீர்கள். அம்மா கொண்டுவந்தாள். அதைத் திறந்து, இருந்த மாத்திரை அட்டைகளை எல்லாம் வெற்றிலை பாக்கின்மேல் கொட்டினீர்கள். சபையைப் பார்த்துச் சொன்னீர்கள்.

"இத்தனையும் ஒரு மாசத்துக்குத் திங்கிற பொண்ணு. இவளைக் கட்டி என் மகன் ஆட்டோ ஓட்டுவானா, ஆஸ்பத்திரிக்கு ஓடுவானா? எனக்கு நோயாளி மருமக வேணாம்."

அப்பா எழுந்துவிட்டார். "அக்கா, அது நீ கொடுத்த உயிரு" என்றார். அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதே இல்லை.

"கொடுத்தவ நான்தான்டா. அதனாலதான் சொல்றேன். அது எத்தனை நாளைக்கு ஓடும்னு எவனுக்குத் தெரியும்? குடுத்த எனக்கே தெரியாது. தெரிஞ்சே எடுத்து வீட்டுல வெக்கச் சொல்றியா?"

மாடிவீட்டு அம்மா "ச்சீ" என்றார். அப்பா கதவைக் காட்டி, "வெளிய போ. இனிமே எனக்கு அக்காவே இல்ல" என்றார். நீங்கள் மாத்திரைகளைத் தரையில் தள்ளிவிட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு போனீர்கள். செருப்பைப் போடும்போது உங்களுக்குக் கால் தடுமாறியது. யாரும் பிடிக்கவில்லை. நானும் பிடிக்கவில்லை.

நான் கேட்டது நடந்துவிட்டது. பரிசம் இல்லை. கல்யாணமும் இல்லை. ஆனால் இத்தனை பேர் முன்னால் என்னைச் சாகப் போகிறவள் என்று சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் என்னைப் பூசணிக்காய் என்று கூப்பிட்டபோதுகூட நான் இப்படி அழவில்லை. உங்களை நான் மன்னிக்கமாட்டேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். அழுது முடித்த பிறகு யோசித்துப் பார்த்தேன். உங்கள் தட்டில் தேங்காய் இருந்தது, வெற்றிலை, பாக்கு, மஞ்சள் இருந்தது. சேலை இல்லை. பரிசம் போட வருகிறவர்கள் பெண்ணுக்குச் சேலை இல்லாமல் வருவார்களா? வாங்கி வைத்திருப்பதாக அப்பாவிடம் போனில் சொன்னீர்களாம், அம்மா சொன்னாள். அப்படியென்றால் அதை ரங்கத்திலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிட்டீர்களா? கடிதங்களை ஏன் அப்பாவிடம் காட்டவில்லை?

பதில் எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

ஷீலா


ரங்கத்
29 ஆகஸ்ட் 2025

ஷீலாவுக்கு,

சேலை மறந்து போச்சுன்னு வெச்சுக்க.

நீ கெட்டிக்காரி, நம்பமாட்டே. அதனால ஒரே தடவை சொல்றேன், திரும்பக் கேக்காதே. உன் அப்பனை எனக்கு அவன் தவழ்ந்த நாள்ல இருந்து தெரியும். நீ மாட்டேன்னு சொன்னா உன்னை அடிப்பான், பள்ளிக்கூடத்தை நிறுத்துவான். நான் நல்லபடியா வேணாம்னு சொன்னா, அக்கா பெருந்தன்மையாப் பேசுதுன்னு இன்னும் நூறு தடவை கால்ல விழுவான். பட்ட கடனைத் தீர்க்காம அவனுக்குத் தூக்கம் வராது. அவன் விடணும்னா அவன் மானத்துல அடிக்கணும். அடிச்சேன். இப்ப அவன் எனக்கு ஒண்ணும் கடன்பட்டவன் இல்ல. நான்தான் கெட்டவ. இனிமே உன்னை எவனுக்கும் குடுக்கணும்னு அவனுக்கு அவசரம் வராது.

உனக்காகத்தான் செஞ்சேன்னு மினுக்காதே. என் மகன் அந்தக் கயித்தைக் கழட்டல. மூணு நாளா மழையில நனைஞ்சு சாயம் போயும் கட்டிக்கிட்டுத் திரியறான். அவன்கூட எத்தனை நாள் சண்டை போட? அப்புறம், விற்றீங்கன்னு எழுதினியே, அந்த ஒரு சொல்லு என்னைத் தூங்க விடல. உன்னைக் கூட்டிக்கிட்டு வந்து வீட்டுல வெச்சா, தினமும் காலையில உன் மூஞ்சியில அந்தச் சொல்லைத்தான் பாத்திருப்பேன்.

சபையில சொன்னதுல பாதி நிசம். எந்தப் பாதின்னு கேக்காதே. உன்னை அழ வெச்சது வருத்தந்தான். ஆனா நீ அழலைன்னா அவன் நம்பியிருக்கமாட்டான்.

அன்னிக்கு உங்க வீட்டுல இருந்து இறங்கி, வந்ததுதான் வந்தோம்னு ராத்திரி பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்திருந்து, விடிஞ்சதும் ஆஸ்பத்திரியில போய் எல்லாம் பாத்துட்டு வந்தேன். பிரஷர் கொஞ்சம் ஏறியிருக்காம், மாத்திரை குடுத்திருக்காங்க. என்னைக் கூட்டிட்டுப் போக ஒருத்தரும் தேவைப்படல பாரு.

என் தம்பி போன் எடுக்கமாட்டேங்கிறான். எடுக்கமாட்டான். அவன் புடிவாதம் எங்க அப்பாவோடது. நான் செத்தா வருவானோ என்னவோ.

இப்ப கவனமாக் கேளு. வீட்டுல அவன் என்னைப் பத்திக் கேவலமாப் பேசுவான். தினமும் பேசுவான். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா அவனுக்குச் சந்தேகம் வரும், நாம ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சதுன்னு. ஆளு அப்படி. அதனால அவனோட சேர்ந்து நீயும் என்னைத் திட்டு. சத்தமாத் திட்டு. நல்லாத்தான் உனக்குத் திட்ட வருமே.

ஜெயராணி


டெலானிபூர்
3 செப்டம்பர் 2025, இரவு

அத்தைக்கு,

இன்று பேசிவிட்டேன்.

சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அப்பா எப்போதும்போல ஆரம்பித்தார். கூடப் பிறந்தவள் என்று பார்த்தேன், ரத்தத்தில் ஈரம் இல்லாதவள் என்றார். அம்மா ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்து, "அவங்க கொடுத்ததே ஊர்ல பெருமை பேசுறதுக்குத்தான்ப்பா. செத்தாலும் நான் அந்த வாசலை மிதிக்கமாட்டேன்" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது.

அப்பா சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு அவர் தட்டில் இருந்த பெரிய மீன் துண்டை எடுத்து என் தட்டில் வைத்தார். "அவ கெடக்கா, விடு. நீ படி. எந்தக் காலேஜ்னு பாரு, மெயின்லேண்டா இருந்தாலும் சரி" என்றார்.

அப்பா சிரித்தார், அத்தை. நீங்கள் வந்துபோன நாளிலிருந்து முதல் தடவையாகச் சிரித்தார்.

நானும் சிரித்தேன். அதை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஷீலா